மெலனோமாவுக்குக் 'கரும்புற்று' சரிவருமா?

> மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு நம் துண்டறிக்கையில் 'கரும்புற்று' என்றே தமிழ்ப்பெயர் வைத்துவிடலாம். கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கருப்பு. சொல்லும் சின்னது.

அண்ணாச்சி, வணக்கம்.

சின்னதுதான், ஆனால் சங்கரன்கோவில் பக்கம் இது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே கோயில் பிரசாதமே புற்றுமண். தோலில் எது வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுகிற ஊர். துண்டறிக்கையில் 'தோலில் கரும்புற்று' என்று போட்டால் கை முதலில் மண்ணுக்குத்தான் போகும். 'புற்றுநோய்' என்று முழுசாகவே எழுதுவோம். (என் மகள் அதைக் 'கரும்பு உற்று' என்று பிரித்துப் படித்தாள். பொங்கல் நேரம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.)

அதைவிடப் பெரிய சிக்கல் 'கரும்'. மெலனோமாவில் நிறமே இல்லாத வகையும் உண்டு, இளஞ்சிவப்பாக இருக்கும். அதை என்ன 'கருப்பில்லாக் கரும்புற்று' என்பதா? அப்புறம், கருப்பு நிறத்தை அடையாளமாகச் சொல்வது வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 36 பேருக்குப் புதிதாக வருகிறது. வெயில்தான் முக்கியக் காரணம். இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் இங்கே வருவதில் கணிசமான பங்கு வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில். பனையேறிக் காய்ப்புக் காய்ச்ச காலிலும், செருப்பில்லாமல் வயலில் நின்ற காலிலும் கருப்பாக ஒன்று இருந்தால் யார் கண்டுகொள்வார்கள்? கால் ஆணி என்பார்கள். நகம் கருத்தால், எங்கேயோ இடித்துக்கொண்டோம் என்று விட்டுவிடுவார்கள்.

என் பரிந்துரை: நிறமிப் புற்றுநோய்.

—

தம்பி,

புற்றுமண்ணுக்குத் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் சொல்லிலும் ஓட்டை இருக்கிறது. தோலின் அடிச்செல்லில் தோன்றும் புற்றுநோயும் கருத்த தோல்காரர்களிடம் பல நேரம் நிறமியோடுதான் வரும். அதையும் 'நிறமிப் புற்றுநோய்' என்றுதானே வாசகர் நினைப்பார்? அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே மெல்ல வளர்வது. மெலனோமா உடம்பெங்கும் போகக்கூடியது. இரண்டையும் குழப்பினால் ஆபத்து. நோய் எந்தச் செல்லில் பிறக்கிறதோ அதையே பெயரில் வைத்துவிடுங்கள்: நிறமிச்செல் புற்றுநோய். தோலுக்கு நிறம் தரும் செல்லான மெலனோசைட்டுக்கு 'நிறமிச்செல்' என்று முன்பே எடுத்துக்கொண்டோம், புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம்.

கட்டுரைத் தலைப்பில், ஒரு நோய் யாருக்கு, எங்கே, எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் துறைக்கு 'நோய்ப்பரவலியல்' என்று போட்டிருக்கிறீர்கள். பரவல் என்றால் தொற்று என்று நினைத்து, வீட்டில் தட்டு டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள். ஓர் உறுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவதையும் 'பரவுதல்' என்றே எழுதியிருக்கிறீர்கள். ஒரே பக்கத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை.

—

அண்ணாச்சி,

அடிச்செல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. 'நிறமிச்செல் புற்றுநோய்' என்றே மாற்றிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'மெலனோமா' வரும், டாக்டர் சீட்டில் அப்படித்தானே இருக்கும்.

கட்டுரைத் தலைப்புக்கு 'நோய்நிகழ்வியல்' பரவாயில்லையா? துண்டறிக்கையில் அதுவும் வேண்டாம், 'யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது' என்று போட்டால் போதும்.

இன்னொன்று. நான்காம் பத்தியில் 'பாதத் தோல் தடிப்பு' என்று இருந்ததைக் 'கால் ஆணி' ஆக்கி, ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "உள்ளங்காலில் கருப்பாக ஒன்று வளர்ந்துகொண்டே போனால், ஆணி என்று நினைத்துப் பிளேடால் சீவாதீர்கள், தோல் டாக்டரிடம் காட்டுங்கள்." அச்சுக்கு நாளைக்கு அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.