அப்டேட் பாதியில் கரண்ட் போனது, இப்போது நீலத் திரை

கேள்வி (மன்னார்குடி): விண்டோஸ் 11 அப்டேட் ஓடும்போது கரண்ட் போய், பழைய பேட்டரியும் கைவிட்டது. லோகோ வருகிறது, நீலத் திரை, மறுபடி ரீஸ்டார்ட். குறுவைக் கணக்கு முழுவதும் உள்ளே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (கும்பகோணம்): ரீசெட் மட்டும் இப்போது வேண்டாங்க. லோகோ வந்ததும் பவர் பட்டனை 10 நொடி அழுத்தி அணையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானே வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய் கடைசி குவாலிட்டி அப்டேட்டை நீக்குங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். பயப்படாதீர்கள், பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும், போனில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்: நீக்க முடியவில்லை என்கிறது.

பதில் (திருவாரூர்): அப்படியானால் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் போய், 4 அழுத்தி, அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஏற்றுங்கள், சார். அதில் நிலையாக ஓடினால் டிரைவர் (கருவிகளை இயக்கும் மென்பொருள்) மீதுதான் முதல் சந்தேகம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து ரோல் பேக் கொடுங்கள், பழைய டிரைவர் திரும்பும். ஆனால் அதற்கு முன்னாலேயே கணக்கு ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். எழுதும்போது கரண்ட் போன டிஸ்க்கை நம்பக்கூடாது.

பதில் (கும்பகோணம்): அதோடு, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக் டிஸ்க்கை எஃப் ஸ்விட்சுடன் (chkdsk /f) ஓட்டுங்கள். ரீஸ்டார்ட்டில்தான் சரிபார்க்கும், நேரமாகும். நடுவில் அணைக்காதீர்கள், சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.