மக்களே வரைந்த திட்டம், மக்களே நடித்த நாடகம்: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து:

என் பெரியம்மா வார்விக் சந்திப்பின் அதிகாலைச் சந்தையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் விற்கிறார். இந்தியாவிலிருந்து வந்த நம் தோட்டக்காரர்கள் 1910இல் தொடங்கிய சந்தை அது. 2009இல், இங்கே கால்பந்து உலகக் கோப்பை நடந்ததற்கு முந்தின ஆண்டு, அதை இடித்து மால் கட்டத் திட்டம் வந்தபோது வியாபாரிகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடித் தடுத்தார்கள்.

அதே சந்திப்பில்தான் இதற்கு நேர்மாறானதும் நடந்தது. நடைபாதையில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்த ஜூலு மூலிகை வியாபாரிகளோடு 1990களில் பேசி, கட்டி முடிக்காமல் விட்டிருந்த மேம்பாலத் துண்டுகளின் மேல் நகராட்சியினர் அவர்களுக்குச் சந்தை அமைத்தார்கள். அந்தப் பணியில் இருந்த இருவர்தான் 2008இல் ஆசியே எதாஃபுலேனி என்ற அமைப்பைத் தொடங்கி, தெரு வியாபாரிகளோடு சேர்ந்து வடிவமைக்கிறார்கள்.

பெரியம்மாவோடு நானும் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கட்டடக்கலை படிக்கும் பெண் ஒருத்தி பெரிய தாளை விரித்து, பென்சிலைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. சாக்பீஸ் கேட்டு வாங்கித் தரையிலேயே கோடு போட்டார். "நான் இங்கே உட்காருவேன் கண்ணு. பெட்டி இவ்வளவு கிட்டே இருந்தால்தான் கை எட்டும். பின்னால் தள்ளுவண்டி போக இந்த அகலம் வேண்டும், இல்லையென்றால் என் முதுகில் இடிக்கும்." பக்கத்துக் கடை ஜூலு அம்மா ஒட்டினாற்போலத் தன் கட்டத்தைப் போட்டார். இன்னொருவர் தண்ணீர்க் குழாய்க்கு வட்டம் போட்டார். கொஞ்ச நேரத்தில் சந்தை அதன் நிஜ அளவிலேயே தரையில் எழுந்துவிட்டது! அந்தப் பெண் டேப்பை எடுத்து ஒவ்வொரு கோடாக அளந்து குறித்துக்கொண்டாள்.

முடிவெல்லாம் எடுத்த பிறகு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதை எத்தனையோ பேர் கலந்தாலோசனை என்கிறார்கள். எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

கேப் டவுன், ரைலண்ட்ஸிலிருந்து:

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தை அவசியம் பாருங்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் இந்த நகரின் ஒரு பகுதி. 1966இல் நிறவெறி அரசு அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, அறுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். 1994இல் திறந்த அருங்காட்சியகத்தின் தரையில் பழைய தெருக்களின் வரைபடம் விரிந்திருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் தாங்களே பெயர் எழுதியிருக்கிறார்கள். அறிஞர்கள் எழுதிய பலகைகளைவிட அந்தக் கோணல் கையெழுத்துகளே எனக்கு அதிகம் சொல்லின.

டர்பன், ஃபீனிக்ஸிலிருந்து:

நாங்கள் ஆறடிக் கூத்து (இங்கே தெருக்கூத்துக்கு அதுதான் பெயர்) ஆடும் குடும்பம். கூத்து முடிந்ததும் பிள்ளைகள், போதைக்கு அடிமையான மகனைப் பற்றிச் சிறு நாடகம் போட்டார்கள். பார்ப்பவர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி, மேடையேறிக் கதையை மாற்றலாம். அப்பா மகனை வீட்டைவிட்டுத் துரத்தும் இடத்தில் ஓர் ஆயா நிறுத்தச் சொன்னார். மேலே ஏறி, அப்பாவாக நடித்த பையனை ஒதுக்கிவிட்டு, கதவைச் சாத்தாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். "சோறு தருவேன், காசு தரமாட்டேன். நாளைக்கு இரண்டு பேரும் கிளினிக் போகிறோம்" என்றார். கூட்டத்தில் வாக்குவாதம் கிளம்பிவிட்டது: முடியுமா, முடியாதா, திருடினால் என்ன செய்வது? நாடகத்தைவிட அந்த வாக்குவாதம் நீளமாக நடந்தது. நாங்கள் விரும்பியதும் அதுதான்.

அடுத்த கூத்துக்கு மத்தளம் வாசிக்க ஆள் தேவை. டர்பன் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.