சபரிமலை வழக்கை சுப்ரீம் கோர்ட் எடுத்தது சரியா?

குமுளி சிப்ஸ்கடை:
சபரிமலை ஐயப்பன் கோயிலுக்குள் பெண்கள் போகலாமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் பெஞ்சுக்குப் போன கதையைப் பற்றி நேற்று கடையில் ஒரே வாக்குவாதம். என் வாதம் இதுதான். கோயிலுக்குப் போக ஆசைப்பட்ட ஒரு பெண் கேட்டு வந்த வழக்கென்றால் சரி. ஆனால் 2006-ல் மனு போட்டது இளம் வக்கீல்கள் சங்கம். தாங்கள் ஐயப்ப பக்தர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்ளவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டிய மனு. அதைக் கேட்டு, 2018 செப்டம்பர் 28-ல் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று நாலுக்கு ஒன்று கணக்கில் தீர்ப்பும் சொன்னார்கள். அந்த மண்டல சீசனில் நேந்திரங்காய் சிப்ஸை வறுத்துக் கட்டி அடுக்கிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி ஹர்த்தால் எப்போது முடியும் என்று உட்கார்ந்திருந்தவன் நான். எண்ணெய்க் கடன் அடைய அடுத்த ஓணம் வந்துவிட்டது.

பீருமேடு குமாஸ்தா:
அண்ணே, யாவாரம் படுத்தது வேறு, வழக்கு வேறு. அடிப்படை உரிமை என்றால் அரசியல் சாசனத்தின் 32-வது பிரிவின்படி நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கே போகலாம். பாதிக்கப்பட்டவர் வர முடியாவிட்டால் அவருக்காக இன்னொருவர் வரலாம் என்று 1980-களிலேயே வழி திறந்தாகிவிட்டது.
அது போகட்டும், 1991-ல் கேரள ஹைகோர்ட் கொடுத்த தீர்ப்பு எப்படி வந்தது? கோயில் நிர்வாகமான தேவஸ்வம் போர்டின் முன்னாள் கமிஷனர் வீட்டுக் குழந்தைக்கு சன்னிதானத்தில் சோறூட்டு நடந்தது, பெண்களும் கூட இருந்த படம் பேப்பரில் வந்தது. அதைப் பார்த்த ஒருவர் 1990-ல் கடுதாசி போட்டார். அதையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டுதான் 10 வயது முதல் 50 வயதுவரை பெண்கள் போகக் கூடாது என்றார்கள். அந்தக் கடுதாசியை வாசலில் யாரும் தடுக்கவில்லையே?

குமுளி சிப்ஸ்கடை:
தடை 1991-ல் பிறக்கவில்லை தம்பி. வழக்கம் முன்பே உண்டு, வழக்கப்படி பெண்கள் வரக் கூடாத நேரத்தில் அவர்களை விடக் கூடாது என்று கேரள கோயில் நுழைவுச் சட்டத்தின் 1965 விதியிலும், 3(பி)-யில், இருந்தது. ஹைகோர்ட் அதை உறுதிசெய்தது, அவ்வளவுதான். 2018 பெஞ்சில் இருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்கோத்ரா. அவர்தான் தனியாக நின்று, நம்பிக்கை விஷயத்தில் சம்பந்தமில்லாதவர் போடும் மனுவை எடுக்கக் கூடாது என்று எழுதினார்.

வண்டிப்பெரியார் டீச்சர்:
சம்பந்தப்பட்டவர்தான் வர வேண்டும் என்றால் எங்கள் எஸ்டேட் லயத்திலிருந்து யார் டெல்லிக்குப் போய் வக்கீல் பிடிப்பது? போக விரும்பிய பெண்கள் இங்கே இருந்தார்கள், வாய் திறக்கவில்லை. என் அம்மா தீர்ப்பை எதிர்த்து நாமஜபப் போராட்டத்தில் உட்கார்ந்தார். அவர் போக வேண்டாம் என்றால் போகாமல் இருக்கட்டும். மற்றவளை ஏன் தடுக்க வேண்டும்?
அப்பா சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்ட கேரளத்து கிறிஸ்தவப் பெண் மேரி ராயை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், 1916. உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மகனுடைய பங்கில் கால்வாசி, இல்லையென்றால் 5000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. எது குறைவோ அது! அவர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார், 1986-ல் ஜெயித்தார். அப்போதும் இங்கே சபையின் சொந்த விஷயம் என்றுதான் கத்தினார்கள்.

குமுளி சிப்ஸ்கடை:
மேரி ராய் கேட்டது தன் சொந்தப் பங்கை. டீச்சர் என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறீர்கள்.

பீருமேடு குமாஸ்தா:
மேரி ராய் வழக்கில் கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் சட்டம் ஆண் பெண் சமத்துவத்துக்கு விரோதமா என்ற பெரிய கேள்விக்குள் கோர்ட் போகவே இல்லை. 1951-லேயே இந்திய வாரிசுச் சட்டம் இங்கே அமலுக்கு வந்துவிட்டது, பழைய சட்டம் செத்துப்போச்சு என்று முடித்துவிட்டார்கள். சபரிமலையிலும் அப்படி ஒரு குறுக்குவழி இருந்தது. 1965 கோயில் நுழைவுச் சட்டம் இந்துக்களில் எல்லா வகுப்பினருக்கும் கோயிலைத் திறக்கச் சொல்கிறது, 3(பி) விதி அதை மீறுகிறது, விதி செல்லாது. இதையும் தீர்ப்பில் எழுதினார்கள். ஆனால் அதோடு விடாமல் தீண்டாமை, அரசியல் சாசன ஒழுக்கம் என்று போய்விட்டார்கள்.

சித்தூர் பாலன்:
எனக்கு இரண்டு பக்கமும் கோபம் உண்டு. 2006-ல் வந்த மனு அரசியல் சாசன பெஞ்சுக்கு அனுப்பப்பட்டது 2017 அக்டோபரில். எந்த வழக்கு எந்த பெஞ்சில், எப்போது என்பதெல்லாம் தலைமை நீதிபதி கையில். தீர்ப்பு வந்த பிறகு ஐம்பதுக்கு மேல் சீராய்வு மனுக்கள். 2019 நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்று பெரிய பெஞ்சுக்குத் தள்ளினார்கள், கூடவே மசூதிக்குள் பெண்கள் போவது, வேற்று மதத்தவரை மணந்த பார்சிப் பெண் பார்சி கோயிலுக்குள் போவது, போரா முஸ்லிம் சமூகத்தில் சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கம் பற்றிய வழக்குகளையும் முடிச்சுப் போட்டார்கள். அப்போதும் தீர்ப்புக்கு ஸ்டே கிடையாது. அப்படியானால் பம்பையில் நிற்கும் போலீஸ்காரர் என்னதான் செய்வார்? 2020 பிப்ரவரியில் ஒன்பது பேர் ஏழு கேள்விகள் எழுதினார்கள், அடுத்த மாதமே கொரோனா.

பீருமேடு குமாஸ்தா:
அந்த ஏழில் கடைசி அண்ணன் கேள்விதான். ஒரு மதப்பிரிவைச் சேராதவர் பொதுநல வழக்குப் போட்டு அதன் வழக்கத்தைக் கேள்வி கேட்கலாமா?

குமுளி சிப்ஸ்கடை:
பார்த்தீர்களா! இதை 2006-லேயே தீர்த்திருந்தால் மற்ற ஆறுக்கும் வேலையே இல்லை.

வண்டிப்பெரியார் டீச்சர்:
ஏன் இல்லை? 3(பி) அரசாங்கம் போட்ட விதி அண்ணே, கோயிலின் தலைமைப் பூசாரியான தந்திரி போட்டதல்ல. அரசாங்க விதி செல்லுமா என்று கேட்க இருமுடி கட்டியிருக்க வேண்டுமா?

குமுளி சிப்ஸ்கடை:
சரி, விதி போகட்டும் டீச்சர். விதி வருவதற்கு முன்னால் இருந்த வழக்கத்துக்கு என்ன சொல்வீர்கள்? அதற்கு குமாஸ்தா தம்பி பதில் எழுதட்டும். நான் கடை திறக்கப் போகிறேன்.