வீட்டுக் கணினிக்கு டேப் டிரைவ்: எல்டிஓ-5 எடுக்கலாமா, 6 எடுக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள், பழைய வேலைக் கோப்புகள் எல்லாம் சேர்ந்து 9 டெராபைட்டைத் தாண்டிவிட்டன. இரண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று நடுவில் காணாமல் போய், கழற்றி மாட்டினால் திரும்பி வருகிறது. காந்த நாடாவில் கோப்புகளைப் பதிந்து வைக்கும் டேப்புக்கு மாறலாம் என்று பார்த்தால் புது டிரைவ் விலை நமக்குக் கட்டாது. செகண்ட் ஹேண்டில் எல்டிஓ என்ற டேப் வகையின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை டிரைவ்கள் (எல்டிஓ-5, 6) இரண்டும் கிடைக்கின்றன. 6-இல் ஒரு டேப்புக்கு 6 டெராபைட்டுக்கு மேல் பிடிக்கும் என்கிறார் விற்பவர். உண்மையா? என்னுடையது லினக்ஸ்.

பழைய சர்வர்:
அது சுருக்கிப் பதிந்தால் வரும் விளம்பரக் கணக்கு தம்பி. வீடியோவும் ஜேபெக் படமும் ஏற்கெனவே சுருங்கியவை, மேலும் சுருங்காது. எல்டிஓ-6இல் 2.5 டெராபைட், 5இல் 1.5, அவ்வளவுதான். உங்களுக்கு 6 என்றால் நான்கு டேப், 5 என்றால் ஏழு. 6-ஐயே எடுங்கள். அது எல்டிஓ-5 டேப்பிலும் எழுதும், 4-ஐப் படிக்கும்.

இதைப் பெரும்பாலும் யுஎஸ்பியில் மாட்ட முடியாது. சர்வர்களில் வரும் சாஸ் இணைப்புதான் இருக்கும், அதற்குத் தனி கார்டு வேண்டும். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டை வாங்கிவிடாதீர்கள், டிரைவை நேரே கணினியோடு இணைக்கும் சாதாரண எச்பிஏ கார்டு போதும். பல டேப்பைத் தானே மாற்றி மாற்றிப் போடும் டேப் லைப்ரரி இயந்திரத்திலிருந்து கழற்றிய டிரைவ் மலிவாக வரும். அதில் சில தனியாக ஓடவே ஓடாது.

வைகைக்கரை:
நன்றி அண்ணா. நேரில் போய் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய சர்வர்:
விளக்கு எரிகிறது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு டேப் முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். முழு வேகமான விநாடிக்கு 160 மெகாபைட்டில் போனாலும் எழுதவே நாலே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்தக் கடையில் உட்காரவிடுவார்கள்? அதனால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று எழுதி வாங்குங்கள். கிளீனிங் டேப் ஓடவிட்ட பிறகும் துடைக்கச் சொல்லும் விளக்கு மறுபடி மறுபடி எரிந்தால், டேப்பில் எழுதிப் படிக்கும் ஹெட் தேய்ந்திருக்கலாம், விட்டுவிடுங்கள்.

நடுநிசி:
இன்னொன்று. பழைய டிஸ்க்கிலிருந்து பொடிப்பொடிப் படங்களாக நேரே டேப்புக்கு அனுப்பாதீர்கள். டேட்டா மெதுவாக வந்தால் டிரைவ் ஓரளவுக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி கிளம்பும். வேலையும் இழுக்கும், டேப்பும் ஹெட்டும் தேயும். எல்லாவற்றையும் ஒரே பெரிய டார் கோப்பாக முதலில் எஸ்எஸ்டியில் கட்டி அனுப்புங்கள், அல்லது டேட்டாவைச் சேர்த்து வைத்துச் சீராக அனுப்பும் எம்பஃபர் நிரலை நடுவில் போடுங்கள். எல்டிஎஃப்எஸ் என்ற டேப்புக்கான கோப்பு முறையைப் போட்டால் டேப் ஃபோல்டர் மாதிரித் தெரியும், வசதிதான். ஆனால் கோப்பை அழித்தாலும் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

கடல்காற்று:
நான் மாற்றித்தான் சொல்வேன். 9 டெராபைட்டுக்கு டேப் எதற்கு? இரண்டு 12 டெராபைட் டிஸ்க் வாங்கி, ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். இருக்கிற ஒரே டிரைவ் போய்விட்டால், இன்னொன்று தேடிப் பிடிக்கும்வரை டேப் எல்லாம் சும்மா கிடக்கும்.

பழைய சர்வர்:
30 டெராபைட் இருந்தால் சண்டை போடுவேன், 9-க்கு இவர் சொல்வது சரி. டேப் ஆசை இருந்தால் மூன்றாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட அவசரம், காணாமல் போய் வரும் அந்த டிஸ்க். அதில் மட்டும் இருக்கிற கோப்பு ஏதாவது உண்டா?

வைகைக்கரை:
ஆமாம், 2015க்கு முந்தைய படங்கள் முழுக்க.

பழைய சர்வர்:
அப்படியென்றால் டிரைவ் தேடுவதை நிறுத்திவிட்டு இன்றைக்கே ஒரு புது டிஸ்க் வாங்குங்கள். பழுதான டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரலில் அதை அப்படியே பிரதி எடுங்கள். எடுத்து முடியும்வரை டிஸ்க்கின் கோப்பு முறையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே எதுவும் ஓட்ட வேண்டாம்.