தோட்டச் சொல் ஒன்று, தொட்டியில் நடப்பது வேறொன்று: பார்த்ததை எழுதுங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

நிழல்வலை

'நாற்று ஹார்டனிங் ஆனதா?', அதாவது வெயிலுக்குப் பழக்கியதா என்று கேட்டால் 'ஆச்சு' என்ற பதில்தான் எப்போதும் வரும். அதை நம்பிக் கத்தரி நாற்றைக் குழித்தட்டிலிருந்து எடுத்து நேரே மாடி வெயிலில் நட்டால், பிற்பகலுக்குள் மேலிலைகள் நரம்புகளுக்கு நடுவே வெளுத்துப்போகும். தொட்டால் மொரமொர என்று உதிரும். உடனே பூஞ்சை மருந்தைத் தேடுவார்கள். அது நோயே அல்ல, வெயில் காயம். நிழல்வலைக்குள் வளர்ந்த இலைக்கு மேல்தோலும் மெழுகுப் பூச்சும் மெல்லியவை. அந்த இலை இனி தடிக்காது. வெயிலில் புதிதாக விடும் இலைதான் தாங்கும்.

ஆகவே 7 முதல் 10 நாள் பழக்க வேண்டும். முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போய், கடைசி இரண்டு நாள் முழு வெயில். இந்தக் காலத்தில் தழைச்சத்து உரம் கூடாது. தண்ணீர் விடும் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், இலை துவளும்வரை அல்ல. வெளுத்த திட்டு மறுபடி பச்சை ஆகாது. குருத்து உயிரோடு இருந்தால் அந்த இலையைக் கிள்ளாமல் விடுங்கள், மிச்சமிருக்கும் பச்சையில் அது இன்னும் உணவு தயாரிக்கிறது.

குழித்தட்டு

வெயில் காயம் பட்ட நாற்றாவது பிழைக்கும். நாற்றழுகல் வந்தால் பேச்சே இல்லை. முந்தின நாள் நேராக நின்ற தக்காளி நாற்று மறுநாள் படுத்துக் கிடக்கும். இலை இன்னும் பச்சை, வாடல் இல்லை. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நீர் கோத்து, பழுப்பாகி, நூலாக இளைத்திருக்கும். அந்த இடத்தைப் பார்க்காதவர்கள் 'தண்ணீர் போதவில்லை' என்று இன்னும் ஊற்றுவார்கள். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகள் செய்யும் வேலை இது. பித்தியத்துக்கு ஈரம்தான் வாகனம்.

சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டிப் பயனில்லை. சுற்றியுள்ள கலவையோடு அள்ளி வெளியே போடுங்கள், கம்போஸ்டிலும் சேர்க்காதீர்கள். மற்றவற்றுக்கு:

விதையை அதன் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள். தட்டைத் தண்ணீரில் 15 நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, பிறகு முழுதாக வடியவிடுங்கள். மேல்பரப்பு காய்ந்து நிறம் வெளிறிய பின்தான் அடுத்த தண்ணீர். விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு; வீட்டில் போடும் ஒரு சிட்டிகை விதைக்குத் தூள் லேசாக ஒட்டினாலே போதும். அதையே ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதானே, அதுவும் சேர்ந்து செத்துப்போகும்.

ஒட்டுக்கத்தி

ரோஜா. அடியிலிருந்து ஒரு தண்டு கொழுகொழுவென்று கிளம்பும், ஒரு மாதத்தில் செடியையே தாண்டிவிடும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கடைசியில் அதில் பூப்பது சின்னச் சின்ன ஒற்றை அடுக்குப் பூ, இல்லாவிட்டால் பூவே கிடையாது. நட்ட ரகம் அதற்குள் பக்கத்தில் காய்ந்து குச்சியாகியிருக்கும்.

அது வேர்ச்செடியின் தளிர்; நட்ட ரகத்தை ஒட்டவைத்த அடிச்செடிதான் வேர்ச்செடி. ஒட்டு மூட்டுக்குக் கீழிருந்து எது வந்தாலும் எடுத்துவிட வேண்டும். 'ஏழு இலை வந்தால் காட்டு ரோஜா, ஐந்து வந்தால் நல்லது' என்ற கணக்கை நம்பாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, தண்டு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். மூட்டு என்பது தண்டில் புடைத்துக் கோணலாக நிற்கும் இடம். தளிரை மண்மட்டத்தில் வெட்டினால் அடியில் தூங்கும் மொட்டுகள் விழித்து ஒன்றுக்கு மூன்றாக வரும். பிறந்த இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள்.

இதோடு இன்னொன்று. விதைப் பாக்கெட்டில் இருக்கும் 'வீரிய ஒட்டு' இந்த ஒட்டு அல்ல. அது எஃப்1, இரண்டு பெற்றோர் ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. அதன் காயிலிருந்து விதை எடுத்தால் முளைக்கும், ஆனால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து செடிக்குச் செடி வேறாக நிற்கும். விதை சேமிக்க வேண்டும் என்றால் நாட்டு ரகம், அல்லது திறந்த மகரந்தச் சேர்க்கை ரகம்.

கூழாங்கல்

வடிகால் பற்றி யாருமே எழுதவில்லையே! தொட்டி அடியில் இரண்டு அங்குலம் சரளைக்கல் போடுங்க, அதுக்கு மேல மண். தண்ணி நிற்கவே நிற்காது. குழித்தட்டு சொன்ன அழுகல் எல்லாம் வராது.

கலவைக்காரர்

கூழாங்கல், இங்கேதான் தகராறு. கல் அடுக்கு போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியாது, வேருக்கு இன்னும் பக்கத்தில் தேங்கும்.

நுண்ணிய துளை உள்ள மண் தண்ணீரைப் பிடித்துவைக்கும். கீழே பெரிய இடைவெளி உள்ள கல் வந்தால், மேலே உள்ள மண் அநேகமாக முழுதும் நனைந்து நிரம்பும்வரை ஒரு சொட்டும் கல்லுக்குள் இறங்காது. எந்தத் தொட்டியிலும் அடியில் சில செ.மீ. உயரத்துக்கு ஈரம் தேங்கிய பகுதி உண்டு. கல் போட்டால் அந்தப் பகுதி கல்லின் மேலேறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கான இடம் இரண்டு அங்குலம் குறைந்ததுதான் மிச்சம். சோதித்துப் பார்க்க ஒரு ஸ்பாஞ்சு போதும். நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடினால் வடிதல் கூடும். அகலமான தட்டைத் தொட்டியில் செடி அழுகுவதும் அதே கலவை ஆழமான பையில் நன்றாக இருப்பதும் இதனால்தான்.

துளையை மறைக்க ஓட்டுச்சில்லு ஒன்றோ வலைத்துண்டோ போடலாம், அது மண் வெளியே போகாமல் இருக்க. வடிகால் வேண்டும் என்றால் கலவையை மாற்றுங்கள்: செம்மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்துகள்) ஒரு பங்கு, களி அதிகமான மண்ணானால் பெர்லைட்டோ (பொரிந்த எரிமலைக் கல் துகள்) பருமணலோ அரைப் பங்கு முதல் ஒரு பங்கு. எல்லாம் கொள்ளளவில், எடையில் அல்ல. களிமண்ணில் ஒரு கைப்பிடி மணல் கலப்பது வீண் வேலை, கொஞ்சமாகப் போட்டால் இன்னும் இறுகும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் கோகோபீட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பையில் போட்டிருக்கும் 'கழுவியது' என்ற சொல்லில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் மிகுதி. கட்டியை ஊறவைத்துப் பிழிந்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவதை இரண்டு மூன்று முறை செய்தால் கரைந்த உப்பு போய்விடும். துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது, கால்சியம் வந்து தள்ளினால்தான் இடம் விடும். அதற்காகத்தான் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து மறுபடி அலசுவது; 'பஃபர்டு' என்று பையில் போட்டிருந்தால் இது முடிந்துவிட்டது என்று பொருள். இதைச் செய்யாத கோகோபீட் நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழியும், பூச்சி என்று மருந்து அடிப்பார்கள். தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று மாறிமாறி விட்டாலும் இதே கறுப்பு வரும், ஏனென்றால் கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேர வேண்டும்.

வெள்ளைப்படிவு

மேலே எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். உரப் பாக்கெட்டில் 19:19:19 என்றால் நூற்றுக்கு எத்தனை என்பதே பலருக்குத் தெரியாது. 100 கிராமில் தழைச்சத்து 19 கிராம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) 19 என்று எழுதியிருப்பது ஆக்சைடு கணக்கு, ஆக்சிஜனோடு சேர்த்த எடை. உண்மையான பாஸ்பரஸ் 8 கிராமைக் கொஞ்சம் தாண்டும், பொட்டாசியம் 16-க்குச் சற்றுக் குறைவு. லிட்டருக்கு ஒரு கிராம், அதுவும் ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். 'ஒரு ஸ்பூன்' என்று போட்டால் ஐந்து கிராம் ஆகிவிடும். அப்புறம் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு, இலை நுனி கருகல். அப்படி ஆனால் தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வெளியேற விடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

மாலைப்பூ

பூசணியில் முதலில் வரும் பூக்கள் பெரும்பாலும் ஆண் பூக்கள், உதிரத்தான் செய்யும். அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. அதுவும் உதிர்ந்தால்தான் கையால் மகரந்தம் தொட வேண்டும். நேரம் முக்கியம்: பூசணி விடியலில் விரிந்து முற்பகலுக்குள் சுருங்கிவிடும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும். நுரைபீர்க்கு காலையில். பீர்க்கங்கொடியிடம் காலை எட்டு மணிக்குப் பிரஷ்ஷோடு போய் என்ன பயன்?

கூழாங்கல்

ஸ்பாஞ்சு பார்த்தேன், கலவைக்காரர். சரிதான். ஆனா தக்காளிக்கு நுனி கிள்ளணும்னு எல்லாரும் சொல்றாங்களே, அதையாவது ஒத்துக்கறீங்களா?

ஒட்டுக்கத்தி

எந்தத் தக்காளி என்பதைப் பொறுத்தது. பாக்கெட்டில் 'டிட்டர்மினேட்' என்றிருந்தால் அது புதர் வகை, ஒவ்வொரு கிளையும் நுனியில் பூங்கொத்தோடு நின்றுவிடும். அதில் பக்கச்சிம்பைக் கிள்ளினால் காயைக் கிள்ளியதாகத்தான் ஆகும். முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் எடுங்கள். 'இன்டிட்டர்மினேட்' கொடி வகை, நுனி வளர்ந்துகொண்டே போகும். இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடையே வரும் சிம்பை விரல் நீளத்துக்குள் இருக்கும்போதே காலை நேரத்தில் ஒடித்துவிடுங்கள், காயம் பகலில் உலர்ந்துவிடும். தலைநுனியைத் தொடாதீர்கள், கம்பின் உயரத்தை எட்டிய பிறகு கிள்ளினால் போதும். இலை சுருண்டு தேமல் விழுந்த செடி இருந்தால் அதைக் கடைசியில் தொட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.