சிக்னல் கேமராவும் போன் லொகேஷனும்: யார் பாக்கறாங்க, எதை நிறுத்த முடியும்?

வடவள்ளி_வாசி (கேள்வி)

எங்க பக்கம் சிக்னல்ல கம்பம் நட்டு நாலு திசைக்கும் கேமரா மாட்டியிருக்காங்க. முகத்தை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சுரும், வண்டி நம்பரைப் படிக்கும், போன் எங்க போகுதுன்னும் பாக்கும்னு குடியிருப்போர் குழுவுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இதுல எது நிஜம்? போன்ல லொகேஷனை ஆஃப் பண்ணிட்டாப் போதுமா? பதிவை எத்தனை நாள் வெச்சிருக்காங்கன்னு கேக்க வழி உண்டுங்களா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கம்பிவடம்

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். கேமரா ஒருவர் கையில், டவர் பதிவு இன்னொருவர் கையில், ஆப் லொகேஷன் வேறொருவர் கையில். ஒன்றை அணைத்தால் மற்றது அணையாது.

முதலில் கேமரா. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தை வைத்து உறுதியாக அடையாளம் சொல்ல, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் (படத்தின் புள்ளிகள்) வேண்டும் என்றது கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு. ஏற்கெனவே தெரிந்த முகம் என்றால் 125 போதும். சாதாரண 1080பி கேமராவின் அகலம் 1920 பிக்சல். 250-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏழரை மீட்டர் அகலத்துக்குத்தான் வரும். அதே கேமராவை உயரமாக மாட்டி 30 மீட்டர் அகலச் சந்திப்பு முழுவதையும் பார்க்க வைத்தால் மீட்டருக்கு 64 பிக்சல்தான். 16 செ.மீ. அகல முகம் அதில் வெறும் பத்துப் பிக்சல். கூட்டம் எவ்வளவு, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்கலாம். ஆள் யாரென்று சொல்ல முடியாது.

ஆகவே கம்பத்தில் எத்தனை கேமரா என்று எண்ணாதீர்கள், எது எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு லேனைக் குறுகலாகக் குறிவைத்து, பக்கத்திலேயே இன்ஃப்ராரெட் விளக்கும் இருந்தால் பெரும்பாலும் அது நம்பர் பிளேட் படிக்கும் கேமரா. உங்கள் நடமாட்டத்தைத் தேதி, நேரத்தோடு தேடி எடுக்கிற மாதிரி சேமிப்பது அதுதான். முகத்தைவிட இதற்கே நான் அதிகம் கவலைப்படுவேன்.

மங்கலான முகத்தைப் பொருத்திப் பார்ப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆயிரத்தில் ஒரு முகம் தவறாகப் பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு லட்சம் முகம் கடந்தால் நூறு பேர்மீது வீண் சந்தேகம். டெல்லி காவல்துறை 80 சதவீத ஒற்றுமை இருந்தாலே 'பொருந்தியது' என்று கொள்வதாக 2022-இல் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனுவுக்கான பதிலில் சொன்னது.

நிழற்குடை

போன் பத்தி நான் சொல்றேன். மேல இருந்து இழுத்து 'லொகேஷன்' பட்டனை அணைக்கறது பாதி வேலைதான். ஆண்ட்ராய்டுல இவ்வளவையும் பாருங்க (கம்பெனிக்குக் கம்பெனி மெனு பேரு கொஞ்சம் மாறும்):

செட்டிங்ஸ் → லொகேஷன் → ஆப் பெர்மிஷன்ஸ். 'எப்போதும்'னு இருக்கற ஆப் எல்லாத்தையும் 'பயன்படுத்தும்போது மட்டும்'னு மாத்துங்க. வானிலை, செய்தி, ஷாப்பிங் ஆப்புக்கு 'துல்லியமான லொகேஷன்' எதுக்கு? எடுத்துருங்க. அதே லொகேஷன் மெனுவுல வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங்னு ரெண்டு இருக்கும். வைஃபையை அணைச்சு வெச்சாலும் சுத்தியிருக்கற ரவுட்டரைத் தேடிக்கிட்டே இருக்கும், அதையும் நிறுத்துங்க. அப்புறம் பிரைவசி → ஆட்ஸ் உள்ள போய் விளம்பர ஐடியை டெலீட் பண்ணுங்க. பல ஆப்புல இருந்து வர்ற இருப்பிடத்தை ஒரே ஆளோடதுன்னு கோக்கற நூல் அதுதான்.

கூகுள் கணக்குல 'டைம்லைன்' (போன இடங்களோட பதிவு) மட்டும் அணைச்சுட்டு நிம்மதியா இருக்காதீங்க. 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' தனி. முதலாவதை அணைச்சாலும் ரெண்டாவது வழியா இருப்பிடம் பதிவானதுன்னு 2018-ல செய்தி வந்துச்சு. அமெரிக்காவுல 40 மாநிலங்கள் நடத்தின விசாரணையில 2022 நவம்பர்ல 39.15 கோடி டாலருக்கு கூகுள் சமரசம் பண்ணுச்சு. ரெண்டையும் அணைச்சு, பழசையும் அழிச்சுருங்க.

ஐபோன்ல: பிரைவசி → லொகேஷன் சர்வீசஸ் → சிஸ்டம் சர்வீசஸ் → 'சிக்னிஃபிகன்ட் லொகேஷன்ஸ்'. அதை அணைச்சுருங்க.

போட்டோவையும் மறக்காதீங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா படம் அனுப்பினா எடுத்த இடத்தோட குறிப்பு நீங்கிரும். அதே படத்தை 'டாக்குமென்ட்'டா அனுப்பினா அட்சரேகை, தீர்க்கரேகையோட அப்படியே போகும்.

வடவள்ளி_வாசி

நன்றிங்க. இதெல்லாம் பண்ணிட்டா டவர் வழியா பாக்கறதும் நின்னுருமா?

நிழற்குடை

நிக்காது. சிம் போட்டு ஆன்ல இருந்தாலே போன் பக்கத்து டவரோட பேசிக்கிட்டுதான் இருக்கும், ஜிபிஎஸ்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நகரத்துல சில நூறு மீட்டர், கிராமத்துல சில கிலோமீட்டர் அளவுக்குத் தெரியும். அழைப்பு விவரப் பதிவை போன் கம்பெனிங்க ரெண்டு வருஷமாவது வெச்சிருக்கணும்னு 2021 டிசம்பர்ல உரிம விதியைத் திருத்தினாங்க. ஏரோப்ளேன் மோடு போட்டா அந்த நேரத்துக்கு நிக்கும், அவ்வளவுதான்.

மனு_எழுதி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் பின் போட்டு இருப்பிடத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் 2024 ஜூலை 8 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அப்படி என்றால், கம்பத்தடியில் நடந்துபோகிற நமக்குக் கேட்க முழு உரிமை உண்டு.

தமிழ்நாட்டில் 11 ஊர்கள் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்தன, உங்கள் கோவையும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மாநில அரசும் மாநகராட்சியும் பங்குபோட்டு ஒரு நிறுவனம் அமைத்தன. அதுவும் ஆர்.டி.ஐ. சட்டத்துக்கு உட்பட்டதே. மனுவை முதலில் அங்கே போடுங்கள். காவல்துறையின் உளவுப் பிரிவுகளுக்கு அந்தச் சட்டத்தின் 24(4) பிரிவின்படி விலக்கு இருக்கிறது. அங்கே போனால் மனு முட்டி நிற்கும்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் மாட்டினீர்கள்?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் கடமை. ஆகவே ஆவணமாகக் கேளுங்கள்: டெண்டர் ஆவணமும் ஒப்பந்தமும், பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற பக்கம், முக அடையாள மென்பொருள் வாங்கப்பட்டிருந்தால் அதன் ஆணை, யார் யாருக்கு லாகின் என்று பதவிவாரியாகப் பட்டியல், கடைசியாக நடந்த பாதுகாப்புத் தணிக்கை அறிக்கை. லாகின் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் புகுந்தது ஒரே ஒரு கணக்கின் கடவுச்சொல் வழியாகத்தான்.

சாலைவிதி

காணாமல் போன குழந்தையை, இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய லாரியைக் கண்டுபிடித்தது இதே கேமராதான். எல்லாவற்றையும் சந்தேகித்தால் எப்படி?

மனு_எழுதி

கேமரா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நண்பரே. விபத்தைத் தேட முப்பது நாள் பதிவு போதும் என்றால் முப்பத்தோராம் நாள் அழிகிறதா என்று கேட்கிறோம். 2023-இன் தனிநபர் தரவுச் சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. குற்றத் தடுப்பு, விசாரணை என்றால் அதன் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு.

வடவள்ளி_வாசி, "பாதுகாப்புக் காரணம்" என்று மொத்தமாக மறுத்தால் விட்டுவிடாதீர்கள். மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தரச் சொல்லும் ஆர்.டி.ஐ. சட்டத்தின் 10-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். பதிலே வராவிட்டால் மனு போய்ச் சேர்ந்த 30-ஆம் நாளுக்குப் பிறகு போடலாம். "அது எங்களிடம் இல்லை, மாநகராட்சியிடம் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பவும் கூடாது; 6(3)-இன்படி அவர்களே ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.