பார்த்துச் செய்வதும் படைப்பாகுமா? அன்றாடக் கைவேலை குறித்து ஒரு கேள்வி

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். பகல் முழுவதும் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்து செய்யும் வேலை என்னுடையது. மாலையிலாவது கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று எம்ப்ராய்டரி பழகி வருகிறேன். பழகப் பழக இரண்டு ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, நான் செய்வதெல்லாம் வேறொருவர் வரைந்த மாதிரி; நூலின் நிறம்கூட அவர் குறித்துக் கொடுத்ததுதான். அச்சுப் பிசகாமல் பார்த்துச் செய்கிற இந்த வேலையைப் படைப்பு என்று சொல்லிக்கொள்ள முடியுமா? இரண்டாவது, நிதானத்திற்காகத் தொடங்கிய வேலையிலும் எப்போது முடியும் என்ற பரபரப்பு வந்துவிடுகிறது. முடித்துப் படமெடுத்துப் பகிர்வதிலேயே எண்ணம் நிற்கிறது. இதிலிருந்து விடுபட உங்கள் அனுபவத்திலிருந்து வழி சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:

முதல் ஐயத்திற்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் நன்றாகத் தைக்கத் தெரிந்த பலர் இந்த ஐயத்தாலேயே ஊசியைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துச் செய்யாமல் எந்தக் கைவேலையும் எவருக்கும் கைவந்ததில்லை. இயந்திரப் பொருள்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கைவினைக்காகக் குரல் கொடுத்த வில்லியம் மாரிஸும் (1834–1896) அவர் மனைவி ஜேனும், பழைய பூத்தையல் துணிகளின் தையலைப் பிரித்துப் பார்த்துத்தான் அந்தக் கலையின் நுட்பங்களைக் கற்றார்கள்.

மாதிரி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது சொல்லாமல் விடுபவை ஏராளம். ஓர் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ப்ராய்டரி நூல் பொதுவாக ஆறு இழைகளால் ஆனது. இரண்டு இழையில் தைத்தால் இலை மென்மையாகப் படியும், நான்கு இழையில் தைத்தால் துணியை விட்டு மேலெழுந்து நிற்கும். சங்கிலித் தையலில் ஓரத்தைத் தைத்துக்கொண்டு வரும்போது, நுனி வளைவில் கண்ணிகளைச் சிறிதாக்கினால்தான் வளைவு வளைவாக இருக்கும். நீளமாகவே போட்டுக்கொண்டு போனால் அங்கே கோணம் விழும். எந்த இடத்தில் சிறிதாக்கத் தொடங்குவது என்பதை உங்கள் கண்தான் முடிவு செய்கிறது. தைக்கத் தைக்க நூல் முறுக்கேறும். அவ்வப்போது துணியை உயர்த்திப் பிடித்து ஊசியைத் தொங்கவிட்டால், அது தானே சுழன்று முறுக்கு அவிழும். அந்தச் சில நொடிகளில் தைத்தது முழுவதும் ஒரு பார்வைக்குள் வருகிறது. அடுத்த தையல் எப்படிப் போக வேண்டும் என்பது எனக்குப் பெரும்பாலும் அப்போதுதான் பிடிபடும். இவையெல்லாம் முடிவுகள், இவற்றை எடுப்பவர் நீங்கள். இன்னும் உங்களுடையதாக்க விரும்பினால் தைத்த அதே இலையை மறுபடியும் தைத்து, நிறமோ இழைகளின் எண்ணிக்கையோ தையலின் சரிவோ ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று தெரியாமல் போய்விடும்.

மறுமொழி 2:

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணியையும் நூல் கோத்த ஊசியையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். குழந்தைகள் இருக்கும் வீடானால் மூடியுள்ள பெட்டியில் வைக்கவும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரையுள்ள நீளத்திற்கு மேல் நூல் வேண்டாம், நீண்ட நூல் சிக்கிக்கொள்ளும். கோத்த நூல் தீரும் வரை தைப்பது என்று வைத்துக்கொண்டால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எழுந்திருக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையமான ஃபிரேமைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் துணியில் வளையத்தின் தடம் பதியும். காணொளிகளில் மாதிரி தேடுவதை அந்த நேரத்தில் செய்யவே வேண்டாம். தேடும் மாலை தைக்கும் மாலையாக மாறுவதில்லை.

மறுமொழி 3:

மேலே எழுதிய இருவரோடும் உடன்படுகிறேன். ஆனால் நிதானம் என்பதை மெதுவாகச் செய்வது என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1936-இல் டோக்கியோவில் நாட்டுப்புறக் கைவினைகளுக்கென அருங்காட்சியகம் திறந்த யானகி சோயெட்சு, பெயர் தெரியாத கைவினைஞர்கள் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்ததால் கூடிவந்த அழகையே பெரிதும் போற்றினார். அத்தகைய கைகள் விரைவாகவே இயங்கும்; அங்கே இல்லாதது பதற்றம் மட்டுமே.

மனத்தைப் பழக்குவதைவிட, அவசரத்தை ஏற்காத பொருளோடு பழகுவது எளிது. களிமண் பாத்திரத்தின் சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்து வேகமாக உலர்ந்தால், மெலிந்த பகுதி முந்திச் சுருங்கி விரிசல் விடும். அதனால் குயவர்கள் அதை மூடிவைத்து மெல்ல உலரவிடுவார்கள். புத்தகம் கட்டும்போது பசை முழுவதும் காயும் முன்பே பாரத்தை எடுத்துவிட்டால் அட்டை வளைந்துகொள்ளும். இங்கெல்லாம் காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதி.

உங்களுக்கு நான் சொல்வது, கிழிந்த துணியைத் தைத்துச் சீராக்குவது. ஒவ்வொரு கிழிசலும் வேறு வடிவில் இருப்பதால் அதற்கு எவரும் மாதிரி வரைந்து தர முடியாது. ஜப்பானியர்களின் சஷிகோ தையல் நைந்த துணியை வலுப்படுத்தவும் ஒட்டுப்போடவும் பயன்பட்டதுதான். ஊசியைத் துணியின் மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் வெறும் ஓட்டுத் தையலை வரிசை வரிசையாகப் போட்டே கண்ணைக் கவரும் கோலங்களை அவர்கள் உருவாக்கினார்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. முழங்கைப் பகுதி நைந்துபோன பருத்திச் சட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன். துணியின் நிறத்திலேயே நூல் எடுப்பதா, வெளிப்படையாகத் தெரியும் நிறத்தில் எடுப்பதா?

மறுமொழி 3 எழுதியவர்:

தெரியும் நிறத்திலேயே எடுங்கள். தையலின் ஒழுங்கு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த வரிசையைத் திருத்திக்கொள்ள முடியும். ஒட்டுத்துணியும் பருத்தியாகவே இருக்கட்டும், அதை முன்கூட்டியே துவைத்துச் சுருங்கவிட்டு, நைந்த இடத்தைச் சுற்றி நல்ல துணியிலும் படியும்படி உட்புறம் வைத்துப் பெரிய தையல்களால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையும் முடிந்து திரும்புமிடத்தில் நூலை இழுத்துப் பிடிக்காமல் உட்புறம் சிறிது தளர்வு விடுங்கள். விட்டால்தான் துவைத்த பிறகும், முழங்கையை மடக்கும்போதும் துணி சுருக்கம் கொள்ளாது.